இரண்டாம் பெற்றோர் தத்தெடுப்பு: அமெரிக்காவில் வாழும் தன்பாலினத் தமிழ் இணையர் கேட்கும் கேள்விகள்

எங்கள் மகளைப் பெற்றவர் என் மனைவி. நான் அவளை நியூ ஜெர்சியில் நீதிமன்றத்தின் வழியாகத் தத்தெடுத்தேன். அதன் பிறகு, குழந்தைக்குத் தயாராகிவரும் தமிழ் இணையர் பலர் தொலைபேசியிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆகவே உங்கள் மாநிலத்தில் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசாமல் எந்த மனுவையும் தாக்கல் செய்ய வேண்டாம்.

இரண்டாம் பெற்றோர் தத்தெடுப்பு என்பது என்ன?

ஒரு குழந்தைக்குச் சட்டப்படி ஏற்கெனவே ஒரு பெற்றோர் இருக்கிறார். அவருடைய உரிமை சிறிதும் குறையாமல், அவரோடு சேர்ந்து அக்குழந்தையை வளர்ப்பவரும் நீதிமன்ற ஆணையால் முழுப் பெற்றோர் ஆவதே இரண்டாம் பெற்றோர் தத்தெடுப்பு.

‘அவருடைய உரிமை குறையாமல்’ என்பதில்தான் இதன் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் வழக்கத்தில் சுவீகாரம் என்றால் பிள்ளை ஒரு குடும்பத்தை விட்டு இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடுவது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமும் பிறந்த குடும்பத்துடனான உறவு அறுந்ததாகவே கொள்கிறது. அமெரிக்க மாநிலச் சட்டங்களும் பெரும்பாலும் இதே எண்ணத்தில் எழுதப்பட்டவைதான்: புதிய பெற்றோர் வந்தால் பழைய பெற்றோரின் உரிமை முடிந்துவிடும். தம் கணவரின் அல்லது மனைவியின் பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. திருமணம் செய்துகொள்ளவே அனுமதியில்லாத இரண்டு பெண்களுக்கு அந்த விலக்கு எட்டவில்லை. ஆகவே துணைவி தத்தெடுத்தால், அதே வீட்டில் அதே குழந்தையை வளர்க்கும் பெற்ற தாய் தன் உரிமையை இழக்க வேண்டிவரும் என்ற விபரீதமான நிலை இருந்தது. 1993-இல் வெர்மான்ட், மாசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்களும், 1995-இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், குழந்தையின் நலனுக்காக எழுதப்பட்ட சட்டத்தைக் குழந்தைக்கு எதிராகவே படிக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டில் இந்தத் தடையை விலக்கின. மாசசூசெட்ஸ் வழக்கில் மனுதாரர்கள் இருவரும் மருத்துவர்கள். தீர்ப்பில் குழந்தைக்கு டாமி என்ற மாற்றுப்பெயர் இடப்பட்டது. இன்று நாம் நடக்கும் பாதை இவர்கள் போட்டது.

பெற்ற பிள்ளையை நாமே ஏன் தத்தெடுக்க வேண்டும்? இது அவமானம் இல்லையா?

இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவர் கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மா. “உங்க பிள்ளையை உங்களுக்கே எதுக்குடி தத்துக் கொடுக்கிறாங்க?” என்றார். அவரிடம் அன்று சொல்ல எனக்குப் பதில் இல்லை. மருத்துவர் சந்திப்புகளுக்கெல்லாம் உடன் போனவள், பிரசவ அறையில் தொப்புள்கொடியை வெட்டியவள், இரவுகளில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள், தான் தகுதியான தாய் என்று நீதிமன்றத்துக்கு விண்ணப்பிப்பது வலிக்கத்தான் செய்யும். ஆண்-பெண் தம்பதி கருத்தரிப்பு மையத்தில் நன்கொடை விந்தணுவின் மூலம் குழந்தை பெற்றால், அந்தக் கணவரை யாரும் தத்தெடுக்கச் சொல்வதில்லை. இது சமமற்ற நிலை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மாற வேண்டியது சட்டம்.

ஆனால் எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தத்தெடுப்பு முடிவதற்கு முன், வேறொரு மாநிலத்துக்குப் போயிருந்தபோது மகளுக்குக் காய்ச்சல் ஏறி உடல் விறைத்தது. மனைவி வேலையாக வெளியூரில் இருந்தார். அவசரப் பிரிவின் முகப்பில் படிவத்தை நீட்டிய பெண், ‘உறவு’ என்ற கட்டத்தில் நான் ‘தாய்’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, “பெற்ற தாய் எங்கே?” என்று கேட்டார். பிள்ளைக்குச் சிகிச்சை நடந்தது. ஆனால் கையெழுத்துக்காக அவர்கள் மனைவியைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடமும் நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். அவமானம் எது என்று அன்றைக்குப் பிறகு நான் வேறு விதமாக எண்ணத் தொடங்கினேன்.

எங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டது; பிறப்புச் சான்றிதழிலும் இருவர் பெயரும் இருக்கிறது. அது போதாதா?

அன்றாட வாழ்க்கைக்குப் பெரும்பாலும் போதும். பள்ளிச் சேர்க்கை, மருத்துவக் காப்பீடு, கடவுச்சீட்டு ஆகியவை அதைக்கொண்டே நடந்துவிடும். தகராறு வரும்போதுதான் அது போதாமல் போகிறது.

திருமணமான பெண் பெற்ற குழந்தைக்கு அவருடைய வாழ்க்கைத்துணையும் பெற்றோர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அந்த அனுமானத்தின் பேரில்தான் உங்கள் பெயர் சான்றிதழில் ஏறுகிறது. இதைத் தன்பாலின இணையருக்கு மறுக்க முயன்ற ஆர்கன்சா மாநிலத்தை, பேவன் எதிர் ஸ்மித் வழக்கில் 2017 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்தது. இருந்தாலும் அனுமானத்தை ஒருவர் எதிர்த்து வாதாட முடியும். சான்றிதழும் ஓர் அரசு அலுவலகப் பதிவுதான். நீதிமன்றத் தீர்ப்பின் நிலை வேறு: ஒரு மாநிலத்தின் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் ஏற்றே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் பிரிவு கட்டளையிடுகிறது.

அந்தக் கட்டளைக்கு எவ்வளவு வலு என்பதை வி.எல். எதிர் இ.எல். வழக்கு காட்டியது. அலபாமாவில் வாழ்ந்த இரண்டு பெண்கள். ஒருவர் மூன்று குழந்தைகளைப் பெற்றார், மற்றவர் அவர்களை 2007-இல் ஜார்ஜியா நீதிமன்றத்தில் தத்தெடுத்தார். பிற்பாடு இருவரும் பிரிந்தனர். ஜார்ஜியா நீதிமன்றத்துக்கு அப்படித் தீர்ப்பளிக்க அதிகாரமே இல்லை என்று சொல்லி, அலபாமா உச்ச நீதிமன்றம் 2015-இல் அந்தத் தத்தெடுப்பை ஏற்க மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், 2016 மார்ச் 7 அன்று, ஒரு நீதிபதியும் மாறுபடாமல் அந்த மறுப்பை நீக்கி, ஜார்ஜியாவின் தத்தெடுப்பை அலபாமா ஏற்றாக வேண்டும் என்றது. அந்தத் தாயின் கையில் இருந்தது பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் என்றால், அவருக்குக் கைகொடுக்க இந்த வாதம் இருந்திருக்காது.

ஓக்லஹோமாவில் 2023-இல் நடந்ததையும் கவனியுங்கள். திருமணமான இணையர், பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருந்தது. மணமுறிவு வழக்கில், பெறாத தாய் குழந்தையைத் தத்தெடுக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி மாவட்ட நீதிபதி அவருடைய உரிமையை மறுத்து, விந்தணு தந்தவரைப் பெற்றோராக ஏற்றார். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. மேல்முறையீடு என்பது ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. குழந்தையின் வயது அதற்காகக் காத்திருக்காது.

திருமண உரிமை கிடைத்த பின்னும் இந்தப் போராட்டம் ஏன்?

திருமண உரிமையே இந்தப் போராட்டத்திலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மிச்சிகனில் ஏப்ரல் டிபோயர், ஜெயின் ரௌஸ் என்ற இரண்டு செவிலியர்கள் சிறப்புக் கவனிப்பு தேவைப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். அம்மாநிலச் சட்டம் தனிநபருக்கோ மணமான தம்பதிக்கோ மட்டுமே அனுமதி அளித்ததால், ஒவ்வொரு குழந்தைக்கும் சட்டப்படி ஒருவர்தான் தாய். ஒரு குளிர்காலப் பயணத்தில் எதிரே வந்த லாரியுடன் மோதாமல் மயிரிழையில் தப்பியபோது, தங்களில் ஒருவர் இறந்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி அவர்களை வழக்கறிஞரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2012 ஜனவரியில் அவர்கள் கேட்டது இரண்டாம் பெற்றோர் தத்தெடுப்பை மட்டுமே. நீதிபதி பெர்னார்ட் ஃப்ரீட்மன்தான், சிக்கலின் வேர் திருமணத் தடையில் இருப்பதால் அதை எதிர்த்து மனுவைத் திருத்தலாம் என்று சொன்னார். அந்த வழக்கு மற்ற மாநில வழக்குகளோடு சேர்ந்து, 2015 ஜூன் 26 அன்று, நாடு முழுவதும் தன்பாலினத் திருமணத்துக்கு வழிதிறந்த உச்ச நீதிமன்றத்தின் ஓபர்கஃபெல் தீர்ப்பாக முடிந்தது. அவர்களுக்குத் திருமணம் நடத்திவைத்தவரும் ஃப்ரீட்மன்தான்.

ஆனால் அந்தத் தீர்ப்பு 5-4 என்ற கணக்கில் வந்தது. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமை நீக்கப்பட்டபோது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், ஓபர்கஃபெல் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தனியாக எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று கையெழுத்தான திருமண மதிப்புச் சட்டம், மாநிலங்கள் ஒன்றின் திருமணத்தை மற்றொன்று ஏற்கக் கட்டாயப்படுத்துகிறது. யார் பெற்றோர் என்பதற்கு அதில் தனி விதி இல்லை. திருமணத்தின் மேல் மட்டும் பிள்ளையின் பாதுகாப்பை ஏற்றிவைக்க என் மனம் ஒப்பவில்லை.

திருமணம் செய்துகொள்ளாத இணையரும் தத்தெடுக்கலாமா?

நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில் முடியும். சில மாநிலங்களில் நீதிமன்றங்களே இந்த வழியை அடைத்துள்ளன. வட கரோலினாவில் மாநிலச் செனட்டராக இருந்த ஜூலியா போஸ்மன் பிரிவு வழக்கில், அவர் முன்னரே பெற்றிருந்த தத்தெடுப்பு ஆணை செல்லாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. குழந்தையின் பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொள்ள மட்டும் வழிவிட்டது. இத்தகைய மாநிலங்களில் திருமணம் செய்துகொண்டு, வாழ்க்கைத்துணையின் பிள்ளையைத் தத்தெடுக்கும் வழியில் போவதே நடைமுறையில் இருக்கிறது.

கருமுட்டை என்னுடையது, சுமந்து பெற்றவர் என் துணைவி. மரபணுவே சான்றாகாதா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். பெற்றவரே தாய் என்பது பழைய விதி. கருமுட்டை தந்தவரை வெறும் நன்கொடையாளர் என்று கொள்ள இடமுண்டு. கலிஃபோர்னியாவில் 2005-லும் ஃப்ளோரிடாவில் 2013-லும் இத்தகைய தாய்மார் தம் உரிமையை நிலைநாட்ட மாநில உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கருத்தரிப்பு மையத்தில் ‘நன்கொடையாளர்’ என்ற படிவத்தில் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். தன் பிள்ளைமீது தனக்கு உரிமை இல்லை என்று தானே எழுதிக்கொடுத்ததாக அது பின்னால் படிக்கப்படலாம்.

தெரிந்த நண்பர் ஒருவர் விந்தணு தர முன்வந்திருக்கிறார். அது சிக்கலா?

அன்பாகத் தருகிறார் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆயினும் பல மாநிலங்களில், மருத்துவர் வழியாகச் செய்யப்பட்டால்தான் நன்கொடையாளருக்குத் தந்தை என்ற நிலை இல்லாமல் போகும். வீட்டிலேயே செய்துகொண்டால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அவர் சட்டப்படித் தந்தையாகக் கருதப்படலாம். கான்சஸில் ஒருவர் இப்படி உதவப்போய், குழந்தைக்கான பராமரிப்புத் தொகை கட்ட வேண்டியவர் என்று 2014-இல் நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டார். பின்னர் அந்த முடிவு அவருக்குச் சாதகமாக மாறியது. மருத்துவமனை வழியாகச் செய்யுங்கள். கருத்தரிப்பதற்கு முன்பே ஒப்பந்தம் எழுதுங்கள். தத்தெடுப்பு மனுவில் அவருடைய ஒப்புதலையும் சேருங்கள்.

நாங்கள் இருவரும் ஆண்கள். வாடகைத் தாய் மூலம் குழந்தை வருகிறது.

பல மாநிலங்களில் குழந்தை பிறக்கும் முன்பே இருவரையும் பெற்றோர் என்று அறிவிக்கும் நீதிமன்ற ஆணையைப் பெறலாம். அதுவும் தீர்ப்பே. அத்தகைய ஆணை ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் இடங்களில் மற்றவர் தத்தெடுக்க வேண்டியிருக்கும். வாடகைத் தாய் எந்த மாநிலத்தில் பிரசவிக்கிறார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் இது அமையும் என்பதால், அவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்.

நடைமுறை எப்படி இருக்கும்?

மனு, சட்டப்படியான பெற்றோரின் ஒப்புதல், நன்கொடையாளர் குறித்த மருத்துவமனைக் கடிதம், திருமணச் சான்று, கைரேகை எடுத்துச் செய்யும் குற்றப் பின்னணிச் சோதனை, விசாரணை, தீர்ப்பு, புதிய பிறப்புச் சான்றிதழ் என்ற வரிசையில் போகும். சில மாதங்கள் ஆகும். கூட்டம் மிகுந்த நீதிமன்றங்களில் ஓராண்டுகூட ஆகலாம். பலரும் அஞ்சுவது ‘ஹோம் ஸ்டடி’ எனப்படும் வீட்டு ஆய்வைத்தான். பல மாநிலங்களில் நீதிபதி அதிலிருந்து விலக்கு அளிக்க முடியும். கலிஃபோர்னியா போன்ற இடங்களில், இணையர் சேர்ந்து திட்டமிட்டுப் பெற்ற குழந்தைக்கு வீட்டு ஆய்வும் நேர் விசாரணையும் இல்லாத உறுதிப்படுத்தும் தத்தெடுப்பு என்ற எளிய வழி உண்டு. உங்கள் மாநிலத்தில் அது இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஆய்வாளர் வந்தார். புகை எச்சரிப்பானை அழுத்திப் பார்த்தார். மருந்து அலமாரியின் பூட்டைப் பார்த்தார். சாமி மாடத்தில் விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். கனிவானவர்தான். பிறகு தாளைப் பார்த்தபடி, “இந்தக் குழந்தையோடு உங்கள் பிணைப்பை எப்படி விவரிப்பீர்கள்?” என்று கேட்டார். அப்போது அவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து வழிந்த எச்சிலால் என் சட்டை நனைந்திருந்தது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. விசாரணை நாளில் நீதிபதி என்னிடம் கேட்டவற்றுள் ஒரு கேள்வி மட்டும் அப்படியே மனத்தில் நிற்கிறது: இது நிரந்தரம், உங்கள் திருமணம் முறிந்தாலும் இந்தப் பொறுப்பு முறியாது, புரிகிறதா? புரிகிறது என்றேன்.

பெற்றோர் நிலையை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் மருத்துவமனையிலேயே கையெழுத்திட்டால் போதாதா?

மணமாகாத தந்தையருக்காக ஏற்பட்ட இந்தப் படிவத்தை இப்போது சில மாநிலங்கள் தன்பாலின இணையருக்கும் திறந்துவிட்டுள்ளன. மாசசூசெட்ஸின் புதிய பெற்றோர் நிலைச் சட்டம் 2025 ஜனவரி முதல் அவ்வாறு செய்கிறது. செலவில்லை. கையெழுத்திட்ட பின் அதைத் திரும்பப் பெறும் கெடு கடந்தால், தீர்ப்புக்கு நிகரான வலு அதற்கு உண்டு. கிடைக்கும் இடத்தில் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பகையான மாநிலம் ஒன்றில் சோதித்துப் பார்க்கப்பட்டு நிலைத்திருப்பது தத்தெடுப்புத் தீர்ப்புதான். ஆகவே முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள் என்பேன்.

தத்தெடுப்பு முடியும் வரை இடைக்காலத்தில் என்ன செய்வது?

சட்டப்படியான பெற்றோர் தம் உயிலில் துணையைக் குழந்தையின் காப்பாளராக நியமித்து எழுத வேண்டும். மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரத்தை எழுத்தில் தர வேண்டும். சேர்ந்து வளர்க்கும் எண்ணத்தைச் சொல்லும் ஒப்பந்தம் ஒன்றில் இருவரும் கையெழுத்திட வேண்டும். காப்பாளர் நியமனத்தை உறவினர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதால், இவை தத்தெடுப்புக்கு மாற்றாகிவிடா.

நாங்கள் பிரிந்தால் என்ன ஆகும்?

தத்தெடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உரிமையும் கடமையும் ஒன்றே. குழந்தையின் நலன் ஒன்றே அளவுகோல். பராமரிப்புத் தொகையும் அப்படித்தான். தத்தெடுக்காதவர் தாம் பெற்றோர் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டும். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2000-இல், குழந்தை மனத்தளவில் பெற்றோராக ஏற்றவருக்கு நீதிமன்றத்தை அணுக உரிமை தந்தது. நியூயார்க்கில் அதே உரிமை 2016-இல்தான் வந்தது; அதற்கு முந்தைய 25 ஆண்டுகள், 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றினால், பெறாத தாய்மார் பலர் தாம் வளர்த்த பிள்ளையைப் பார்க்கக்கூட வழியில்லாமல் போயினர். பிரிவைப் பற்றி இப்போது பேசுவது அபசகுனம் என்று தயங்காதீர்கள். அன்பாக இருக்கும்போது கையெழுத்திடுவதுதான் எளிது.

செலவுக்கு வரிச்சலுகை உண்டா?

மணமானவர் தம் வாழ்க்கைத்துணையின் பிள்ளையைத் தத்தெடுத்தால் கூட்டரசின் தத்தெடுப்பு வரிச்சலுகை கிடையாது. மணமாகாத துணைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, உண்டு. 2025-ஆம் ஆண்டுக்கான உச்சவரம்பு 17,280 டாலர்.

ஊருக்குப் போகும்போது இந்தியாவில் இது செல்லுமா?

இந்தியா தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மறுத்ததோடு, மணமாகாத இணையர் சேர்ந்து தத்தெடுப்பதைத் தடுக்கும் விதியையும் 3-2 என்ற பெரும்பான்மையில் அப்படியே விட்டுவிட்டது. சிறுபான்மையில் நின்ற தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் அந்த விதி பாகுபாடானது என்றனர். ஆகவே அங்கே இணையராகச் சேர்ந்து தத்தெடுக்க இயலாது. ஒருவர் தனிநபராகத் தத்தெடுக்கலாம். அப்போதும் ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், பெற்றோர் பிடியில் இருந்த பெண்ணைத் தன் துணைவியுடன் வாழ விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று சொன்னது. நம் ஊர் நீதிமன்றத்திலிருந்து வந்த அந்தச் சொற்களைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆயினும் அது பெற்றோர் உரிமையைத் தொட்ட தீர்ப்பு அல்ல.

பயணத்துக்கு முன் தத்தெடுப்புத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு, ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்குச் சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். அந்த முத்திரையை ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. ஒருவர் மட்டும் குழந்தையுடன் போவதாக இருந்தால், மற்றவர் சம்மதம் தெரிவிக்கும், நோட்டரி சான்றிட்ட கடிதமும் வேண்டும்.

தீர்ப்பின் நகல் எத்தனை வாங்கிவைக்க வேண்டும்?

முத்திரை புடைத்த சான்றிட்ட நகல் குறைந்தது நான்கு. புதிய பிறப்புச் சான்றிதழுக்கு ஒன்று போகும்; சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கும்; ஒன்று பெட்டகத்தில் இருக்கட்டும். நான்காவதை எங்கள் வீட்டில் மகளின் டயப்பர் பையில் வைத்தோம். இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். அந்த நகல், ஓரம் மடங்கி, காரின் முன் அறையில் காப்பீட்டுத் தாளோடு இருக்கிறது.